ஒரே கணக்கில் இரண்டு முறை பாஸ்

தாமல் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி கழுத்தில் காலேஜ் அட்டை தொங்கியது. இன்னொருத்தி பட்டுக்கடை யூனிபார்ம் புடவையில் இருந்தாள். பள்ளியில் ஒன்றாகப் படித்தவர்கள் என்று பேச்சில் தெரிந்தது.

“பிளஸ் டூ கணக்குல நான் ரெண்டு வாட்டி பாஸுடி,” என்றாள் கடைப் பெண்.

“அது எப்பிடிடி?”

“எழுபத்திரண்டு மார்க்க இருபத்தேழுன்னு ஏத்திட்டாங்க. மறுகூட்டலுக்குப் போட்டேன், பதிலே வரல. சரின்னு துணைத்தேர்வு எழுதி பாஸாயிட்டேன். அப்புறம் சாவகாசமா ஒரு தாளு வருது, நீ முதல்லயே பாஸுன்னு.”

“அப்ப காலேஜு?”

“அதுக்குள்ள சீட்டெல்லாம் முடிஞ்சிடுச்சு. இனிமே அடுத்த வருசம்தான். அதுவரைக்கும் கடையில புடவை மடிச்சிக்கினு இருக்கேன்.”

“உங்கப்பா என்னா சொன்னாரு?”

“ஃபெயிலுன்னு வந்த நாள்லேர்ந்து என்கூட பேசறதே இல்ல. அந்தத் தாளு வந்ததும் தறிய விட்டு எழுந்தாரு. தெருவுல வீடு வீடா எடுத்துக்கினு போயி, எம்பொண்ணு மேல தப்பில்லன்னு காட்டிட்டு வந்தாரு.”

“உன்கிட்ட?”

“என்கிட்டதான் இன்னும் பேசல. வெக்கப்படறாரு. இன்னிக்கி நானே போய்ப் பேசணும்.”