சவேரியா தூக்கு

பாய் விரித்துத் தோணி ஓடின காலம் அது. கடலோரத்தில் சங்குமேடு என்று ஓர் உப்பளத்து ஊர். அங்கே பொழுது இருட்டினதும் ஒரு சத்தம் கேட்குமாம். சர்ர்... டொக். சர்ர்... டொக். ஊரே கதவைச் சாத்திக்கொள்ளுமாம்.

பேயுமில்லை, பிசாசுமில்லை. அது சவேரியா. ஓலைப் பெட்டியில் உப்பு சுமக்கிற சின்னப் பெண். இடது காலை இழுத்து, உலக்கையை ஊன்றி, முற்றத்தில் நடப்பாளாம். உட்கார்ந்தால் தொடையிலிருந்து கால் சுண்டுவிரல் வரைக்கும் நெருப்பாய் இழுக்கும். புருஷன் தோணியில் கொழும்புக்குப் போயிருந்தான். உள்ளே ஏழு மாதப் பிள்ளை. அழுதால் குனிந்து தூக்க முடியாது. இந்தக் கால் போய்விட்டால் இவனை யார் தூக்குவா? அதுதான் அவள் பயம்.

பக்கத்து வீட்டிலிருந்து மாமியார் மிக்கேலம்மாள் வந்தாளாம். "ஏட்டி, காலுக்கு என்ன செய்யுது?"

"எறும்பு ஊருது மாமி."

மறுநாளே கட்டில் கால் நாலுக்கும் தண்ணீர்க் கிண்ணம் வைத்துவிட்டாளாம் அந்த மகராசி! எறும்பு போகவில்லை. எண்ணெய் தேய்த்தாள், போகவில்லை. மந்திரித்த கயிறு கட்டினாள், போகவில்லை. அந்த வீட்டு உள்தாழ்ப்பாளோ வாசற்படியை ஒட்டி, அடியில். மருமகளால் குனிய முடியாதே என்று, ராத்திரிக்கு ராத்திரி வந்து வெளியிலிருந்து கதவைக் கயிறு போட்டுக் கட்டுவாளாம்.

ஒருநாள் உப்பு வண்டிக்காரர் பிச்சைக்கண்ணு அவள் நடையைப் பார்த்தாராம்.

"தும்மினா காலுக்குச் சுரீர்னு இறங்குதா தாயி?"

"ஆமா அண்ணாச்சி. இடுப்புல பிடிச்சு விரல் வரைக்கும் ஓடுது."

"அப்போ காலை விடு. என் மாடு பின்னங்காலை இழுத்தா குளம்பை மட்டுமா பாப்பேன்? முதுகையும்ல தடவிப் பாப்பேன். இடுப்புல நரம்பு நெருக்குது, கால் கத்துது."

"என் மருமவ என்ன மாடா, வே?" என்று பக்கத்தில் நின்ற மிக்கேலம்மாள் சீறினாளாம்.

"மாட்டையாவது மத்தியானம் அவுத்து விடுதோம். இவளை எப்போ அவுத்து விட்டிய?"

மிக்கேலம்மாள் விடிந்ததும் மருமகளின் பெட்டியை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டு உப்பளத்துக்கு நடந்தாளாம்.

வண்டிக்காரர் சொன்னபடி சவேரியா சுமை தொடவில்லை. கிடையாய்க் கிடக்கவும் இல்லை. கொஞ்சம் கொஞ்சமாய் நடந்தாள். எதை எடுத்தாலும் இடுப்பை வளைக்காமல் ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றினாள்.

இன்றைக்கும் அந்த ஊரில் பெட்டி தூக்கப் போகிறவர்கள் முதலில் ஒரு முழங்காலை ஊன்றுவார்கள். "என்ன, ஜெபமா?" என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். "இது சவேரியா தூக்கு" என்று சிரிப்பார்கள்.

அந்தத் தூக்கை மிக்கேலம்மாள்தான் முதலில் கேட்டாளாம், பார்க்கவில்லை. மூன்று மாதம் கழித்து ஒரு ராத்திரி, கயிறும் கையுமாய் வந்து நின்றாள். உள்ளே முழங்கால் தரையில் பட்ட சத்தம் கேட்டது.

"பிள்ளையை நானே தூக்கிட்டேன் மாமி. இடுப்புல இருக்கான். நீங்க போய்ப் படுங்க."

டக். உள்ளேயிருந்து தாழ்ப்பாள் விழுந்தது.