வண்டலூர்ல லெஃப்ட்டு

பைக்குள்ள கல்லுதான் சார். மெதுவா நவுத்துங்க, கால்ல போட்டுக்கப் போறீங்க. பைய அப்பிடியே கீழ வெச்சிட்டு நீங்க தாராளமா குந்துங்க. எதுக்கா? அது ஒரு கதை, வுடுங்க. விழுப்புரம் பாசஞ்சருக்குத்தான நீங்களும்? லேட்டாம். இப்பதான் மைக்குல சொன்னான், எவ்ளோ நேரம்னு மட்டும் சொல்லாம பூட்டான்.

நாங்க மூணு பேரு, கடப்பாக்கத்துக்கு. அதோ கடைசி பெஞ்சில செவப்பு பொடவ கட்டிகினு குந்திகினு கீதே, அதுதான் என் சம்சாரம் ஜெயஸ்ரீ. பக்கத்துல பொண்ணு, தமிழினி. இங்க இவ்ளோ எடம் கீது, வரமாட்டாங்களாம். காலைலேர்ந்து ரெண்டும் எங்கிட்ட பேசல. எல்லாம் இந்த வழித் தகராறுதான்.

ஜெயஸ்ரீயோட தம்பி பொன்னுரங்கம் அங்க கடலோரமா தென்னந்தோப்புல ரெண்டு ரூம் கட்டி வாடகைக்கு வுட்றான். ஊஞ்சல் இன்னா, ஏசி இன்னா, வாசப்படில நின்னா கடலு. மெட்ராஸ்லேர்ந்து யார் யாரோ வந்து தங்கிட்டு போறாங்க, கூடப்பொறந்த அக்கா இன்னும் பாத்ததில்ல. சனி ஞாயிறுல ரூம் காலியா இருக்காது, வார நடுவுல வா மாமான்றான். சரின்னு லீவு போட்டேன். போறது எப்பிடி? அத்த யாராச்சும் சொல்லுங்க பாக்கலாம்.

நான் மறைமலை நகர்ல பார்ட்ஸ் கம்பெனில சூப்பர்வைசரு. நேத்து ஷிஃப்ட் முடிச்சி வர்ற வழில புது பஸ் ஸ்டாண்டுல எறங்கி கேட்டேன். பாண்டிச்சேரி வண்டி வரிசையா நிக்கிது. கடப்பாக்கம் போவுமான்னா கண்டக்டரு என்ன மேலயும் கீழயும் பாக்கறான். இது திண்டிவனம் வழி, கடலோரமா போறதுக்கு திருவான்மியூர் போய் ஏறுன்றான். நம்ம வூடு முடிச்சூரு. தெக்கால போறவன் வடக்கால போய் ஏறணுமாம். இன்னா நியாயம் சார் இது?

காரு கேட்டா, எறக்கிவுட்டுட்டு காலியா திரும்பறதுக்கும் சேத்து நம்ம தலைலயே கட்றான். அது கூட பரவால்ல. வாடகைக் காருன்னு வாயத் தொறந்தாலே ஜெயஸ்ரீ எழுந்து உள்ள பூட்றா.

அதனாலதான் நான் இந்த ரூட்டப் போட்டேன். ட்ரெய்ன்ல மதுராந்தகம், அங்கேர்ந்து செய்யூரு பஸ்ஸு. செய்யூர்ல எறங்கி கடலோர ரோட்டுக்கு எது கெடைக்குதோ அது, ஷேர் ஆட்டோவோ இன்னாவோ. அங்கேர்ந்து கடப்பாக்கத்துக்கு இன்னொரு பஸ்ஸு. மொத்தம் நாலு வண்டி. சிரிக்காதீங்க சார், எனக்கே தெரியும்.

நீங்களும் அத்தயே சொல்றீங்களா? சரியாப் பூடுச்சி. டீக்கடைலயும் இத்தயேதான் சொல்றான், மச்சானும் இத்தயேதான் சொல்றான். இங்க ஸ்டேஷனுக்கு வெளிய போய் மாபலிபுரம் பஸ்ல ஏறு, வண்டலூர்ல லெஃப்ட்டு, கேளம்பாக்கம், திருப்போரூரு, மாபலிபுரத்துல எறங்கி பாண்டி பஸ் புடிச்சா நேரா தோப்பு வாசலு. ரெண்டே வண்டி. தமிழினி வேற போனை மூஞ்சிக்கு நேரா நீட்டி நீலக் கோடு காட்டுது. எனக்கு ரோடு தெரியாதா? இருவத்தாறு வருசமா ஜிஎஸ்டி ரோட்லயே போய் வந்துகினு கீறேன். அந்தப் பக்கம் எனக்கு இஷ்டமில்ல, அவ்ளோதான். வண்டலூர்ல ஜூ கும்பல்ல மாட்டுனா பேஜாரு.

ஆமா, இன்னிக்கி செவ்வாக்கெழமைதான். ஜூ லீவுதான். பேச்சுக்கு சொன்னேன் சார்.

கல்ல வுடமாட்டீங்களே நீங்க. மூணு பேரா வெளியூர் கெளம்பக் கூடாதுன்னுவாங்கல்ல? ஒரு கல்ல எடுத்துக்கினா நாலு பேருன்னு கணக்கு. ஊர்ல எல்லாரும் கூழாங்கல்லு ஒண்ணு எடுத்து பர்ஸ்ல போடுவாங்க. இவ பண்ணதப் பாருங்க. காலைல வூட்டப் பூட்டிகினு திரும்பறேன், கேட்டாண்ட குனிஞ்சி இத்தத் தூக்கி பைக்குள்ள வெக்கிறா. இன்னாடி இதுன்னேன். மூணு பேருதான போறோம்ன்னா.

சும்மா கெடந்த கல்லு இல்ல சார் இது. எங்க தெருவுல மழ பேஞ்சா மண்ணு கொழகொழன்னு பூடும், பைக்க சைடு ஸ்டாண்டு போட்டா சாஞ்சிடும். ஸ்டாண்டுக்கு கீழ குடுக்கற கல்லு. எங்க உதயா வெச்சது.

பையன் சார், பெரியவன். ஐயய்யோ, அப்பிடிலாம் ஒண்ணுமில்ல, நல்லாதான் கீறான். சிறுசேரில கம்ப்யூட்டர் கம்பெனில வேல. கேளம்பாக்கத்துல ரூம் எடுத்து தங்கிகினு கீறான்.

போன வருசம் இதே கடப்பாக்கத்துக்குதான் நாலு பேரும் கெளம்புனோம், நாமளே ஓட்ற வாடகைக் காரு எடுத்துகினு. அவன்தான் ஓட்றான். நேரா போடா, மதுராந்தகம் வழியா போலாம்ன்றேன். வண்டலூர்ல பேசாம லெஃப்ட்டு திருப்பிட்டான். இதுதான் கிட்டப்பான்றான். அப்பன் சொன்னதுக்கு ஒரு மரியாத இல்லியான்னு எனக்கு சுர்ருன்னு ஏறிடுச்சி. நிறுத்துடா வண்டிய, எறங்குடா, இனிமே என் மூஞ்சில முழிக்காதன்னுட்டேன். எறங்கிட்டான். சாவிய தங்கச்சி கைல குடுத்துட்டு, பின்னால வந்த பஸ்ல ஏறி பூட்டான். அதே மாபலிபுரம் பஸ்ஸுதான்.

எங்க மூணு பேர்ல ஒருத்தருக்கும் கார் ஓட்டத் தெரியாது சார். வாடகைக்காரன் ஆள் அனுப்பற வரைக்கும் ரெண்டு மணி நேரம் ரோட்டோரமா உள்ளயே குந்திகினு கெடந்தோம்.

அப்பறம் ஒரு நாள், நான் ஷிஃப்ட்ல இருக்கற நேரமாப் பாத்து வந்து பைக்க எடுத்துகினு பூட்டான். கல்லு அங்கயே கெடந்துச்சி. பதினோரு மாசமா டெய்லி அத்தத் தாண்டித்தான் வேலைக்கு போறேன். இவளும் டெய்லி அத்தச் சுத்தி கோலம் போட்றா, எடுத்து ஓரமா வெக்கல.

வேற ஒண்ணுமில்ல சார். கேளம்பாக்கத்துல பஸ்ஸு நிக்கும். நின்னா இவ எறங்கிடுவா. இவ எறங்குனா பொண்ணும் எறங்கிடும். அப்ப நான் இன்னா பண்றது, பஸ்லயே குந்திகினு இருக்கறதா? அதுக்குத்தான் நாலு வண்டி மாறி மதுராந்தகம். உசுரோட கீற புள்ளைக்கு பதிலா கல்லத் தூக்கிகினு வராளே, அத்த நெனச்சாதான் சார் தாங்கல.

வண்டி வந்துடுச்சி பாருங்க. ரெண்டு பேரும் எழுந்து வந்துகினு கீறாங்க. நீங்க ஏறுங்க சார், முன்னாடி பொட்டி காலியா இருக்கும். இல்ல, நாங்க இத்துல வரல. நான் போய் சொல்லிக்கறேன். அந்த மாபலிபுரம் பஸ்ஸு வெளிய எந்தப் பக்கம் நிக்கும்?

கல்லயா? அத்த இன்னாத்துக்கு இங்க வுட்டுட்டு போறது. குடுங்க இப்பிடி. மழக்காலம் வருது, அவன் ரூமாண்டயும் மண்ணுதான் இருக்கும்.