எல்லாத்துக்கும் அலவ் அமுக்குற வீடு

இல்ல குமரேசண்ணா, ஓசி ஆன்டிவைரஸே போதும்னு நீங்க சொல்றது புரியுது. சும்மா படம் பாக்குற கம்ப்யூட்டருக்கு அது போதும். எங்களுது அப்படியா? ஆசிரமத்துப் பக்கம் ரெண்டு ரூமு வாடகைக்கு விடுறோம். வந்து தங்குற வெள்ளக்காரங்க பாஸ்போர்ட் எல்லாம் ஸ்கேன் பண்ணி அதுக்குள்ளதான் வெச்சிருக்கோம். அது வெளிய போச்சின்னா அப்புறம் யாருண்ணா எங்கள நம்பி வருவாங்க?

ஆங், பயர்வாலா? இருக்குதுண்ணா, விண்டோஸோடவே வந்தது. அது பாவம், புதுசா எது வந்தாலும் உள்ள விடலாமா வேணாமான்னு கேக்கத்தான் செய்யுது. அப்பாவப் பத்திதான் உங்களுக்குத் தெரியுமே. வாசல்ல வந்து நின்னவங்கள வேணாம்னு அனுப்புனதா சரித்திரமே இல்ல. அலவ், அலவ்னு அமுக்கிட்டே இருப்பாரு. ஏம்பா இப்படின்னா, கேக்கறவங்களுக்கு இல்லன்னு சொன்னா நல்லாவா இருக்கும் நிவேதாங்கறாரு! சிரிக்காதீங்கண்ணா.

அந்தப் பச்ச டப்பால இருக்குற ஆன்டிவைரஸா? வேணாம், சிஸ்டம் ஸ்லோ ஆகுதாம். மூணு நாளா நெட்ல தேடித் தேடி ஒரு நோட்டே போட்டுட்டேன். பாருங்க, வைரஸ் பிடிக்கிறது ஜாஸ்தி இருக்கணும், தொல்ல கம்மியா இருக்கணும். மெயில்ல வர்ற பைல, தொறக்கறதுக்கு முன்னாடியே தடுக்கணும். போன வாரம் மாட்டுனது அதுலதானே. நல்லவேள, நீங்க எல்லாத்தையும் அழிச்சிட்டு புதுசா போட்டுக் குடுத்தீங்க.

ஓ, இந்த இன்னொண்ணுல பாஸ்வேர்டு போட்டே பூட்டி வெக்கலாமா? தெரிஞ்சவங்க மட்டும்தான் அலவ் குடுக்க முடியுமா? சூப்பர்ண்ணா! இதயே போட்டுடுங்க.

என்ன... பாஸ்வேர்டு என்கிட்டயா?

ஆமாண்ணா, பி.எஸ்சி. கம்ப்யூட்டர்தான். எங்க வீட்ல மொத டிகிரி, அதெல்லாம் சரிதான். ஆனா... போன வாரம் வேலைக்கு ஆர்டர்னு ஒரு மெயில் வந்துச்சி. எட்டு மாசமா காத்துட்டு இருந்தனா, கை நிக்கல. ஆபத்துன்னு செவப்பா காட்டியும் அமுக்கிட்டேன். அப்பா இல்லண்ணா, நான்தான். போன்ல உங்ககிட்ட அவரு பழியத் தன்மேல போட்டுக்கிட்டாரு. கம்ப்யூட்டர் படிச்ச பொண்ணுன்னு ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்காரில்ல.

பாஸ்வேர்ட அம்மாகிட்ட குடுத்துடுங்க. பேரு கனகலதான்னு எழுதிக்குங்க. எங்க வீட்ல இல்லன்னு சொல்லத் தெரிஞ்சது அவங்க ஒருத்தர்தான்.