ஓடுகிற சர்வரை நிறுத்தியவள்

ஸ்ரீவில்லிபுத்தூரில் ராஜபாளையம் பஸ் ஏறினேன். முன்சீட்டில் இரண்டு பெண்கள். மெர்சி என்கிறவளுக்கு ஒரு பால்கோவா கடையின் ஆன்லைன் ஆர்டர் வாங்கும் சர்வர் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. பேச்சில் தெரிந்தது.

“காலைல நல்லா ஓடிக்கிட்டிருந்த சர்வரை நானே நிறுத்துனேன்” என்றாள்.

“ஏட்டி, கிறுக்கா? தீபாவளி ஆர்டர் வர்ற நேரத்துலயா?” என்றாள் தோழி.

“அதுக்குத்தான். போன தீபாவளிக்கு அதுவா படுத்துருச்சு. இந்தத் தடவையும் படுத்தா வேற ஆளு பாத்துக்கிடுவேன்னு முதலாளி சொல்லிட்டாரு.”

“ரெண்டாவது சர்வர் இருக்குன்னியே?”

“இருந்துச்சு. ஒண்ணு நின்னா இன்னொண்ணு பாத்துக்கிடும்னு நம்பிக்கிட்டு இருந்தோம். போன வாரம் அவர்ட்ட சொல்லிட்டு, ஆர்டர் கம்மியா இருக்கப்ப முதல் சர்வரை நிறுத்துனேன். ரெண்டும் நின்னுபோச்சு. விலைப்பட்டியல் முதல் சர்வர்ல மட்டும்தான் இருந்திருக்கு.”

“பொறவு?”

“ரெண்டுலயும் ஏத்துனேன். இன்னைக்கு மறுபடி நிறுத்துனேன்.”

அப்போது போன் வந்தது. எனக்கே கேட்கிற அளவுக்கு முதலாளி சத்தமாகப் பேசினார்.

“ஏம்மா, இன்னைக்கு நிறுத்திப் பாக்கணும்னியே, எப்ப? காலைலருந்து கம்ப்யூட்டர் முன்னாடியே உக்காந்திருக்கேன்.”

“பத்து மணிக்கு நிறுத்தி பதினொண்ணுக்கு ஓட விட்டுட்டேன், அண்ணாச்சி.”

“பத்து மணிக்கா? ஆர்டர் வந்துக்கிட்டேதானே இருந்துச்சு?”

“ஆமா, அண்ணாச்சி.”



“அப்ப வாரம் ஒருக்கா நிறுத்தும்மா” என்றார்.

மெர்சி போனைப் பைக்குள் வைத்தாள்.

“எங்க வீட்டுக்கு வந்தா கையக் கட்டிக்கிட்டு உக்காரு. பிரிட்ஜை நிறுத்திப் பாத்துறாத” என்றாள் தோழி.