சுவருக்கு மேலால் வந்த கிண்ணம்

அந்தி மஃரிப் தொழுகைக்குக் கொஞ்சம் முந்திய நேரம். உப்பளப் பாத்திகளுக்கு நடுவால் போகிற மண் பாதை. அந்த நேரத்தில் அதில் ஒரு நாய்கூட நடக்காது... ஒரு பக்கம் கிடுகு போட்டு மூடிய உப்புக் குவியல்கள். மறு பக்கம் களப்புத் தண்ணீர். மூக்கில் ஏறுகிற சேற்று நாற்றம். உப்பு மூட்டை தைக்கிற மர்ளியா மட்டும் வேலை முடிந்து அந்த வழியால் வருவாள். செருப்புக்குக் கீழே உப்பு நொறுங்கும்... சரக்... சரக். வேறு ஒரு சத்தமும் கேட்காது.

இது யாரோ எவரோ கதை இல்லை. நம்முடைய அஃப்ராஸ், த்ரீவீல் ஓட்டுகிறவன், அவனுடைய சாச்சிதான் இந்த மர்ளியா. அவன் இன்றைக்கு இங்கே இருந்திருந்தால் என்னைச் சொல்ல விட்டிருக்க மாட்டான். இல்லாதபடியால்தான் சொல்கிறேன். அந்தக் கதவைச் சாத்துங்கள்.

பாதை முடிகிற இடத்தில் பிரதேச சபைக்குச் சொந்தமான லைன் வீடுகள். ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக இருக்கும். வாடகை பேருக்குத்தான். ஆனால் வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே சுவர் ஓர் ஆள் உயரத்தோடு நின்றுவிடும். அதற்கு மேலே கூரை வரைக்கும் வெறும் வெளி. முதல் வீட்டில் மீன் பொரித்தால் கடைசி வீட்டில் சோறு கூடுதலாக இறங்கும். புருஷன் பெண்சாதி சண்டை என்றால் வரிசை முழுக்கத் தீர்ப்புச் சொல்லும். சீனி, நெருப்புப் பெட்டி, கறி எல்லாம் சுவருக்கு மேலால்தான் போய் வரும்.

மர்ளியாவின் புருஷன் கட்டாருக்குப் போனவன்... போனதுதான். மகள் நிஃப்லா கலியாண வயதில் இருந்தாள். பெண் கேட்டு வந்த இரண்டு இடமும் தட்டிப்போனது. வந்தவர்களோடு பேசிய பேச்சு அவர்கள் செருப்பைப் போடும் முன்பே ஊருக்குப் போய்விடும், பிறகு என்ன செய்ய? அதனால், சபை இந்த வீடுகளைத் திருத்தப்போகிறது, உடைந்த கூரைச் சீட்டை மாற்றிச் சுவரையும் கூரை வரைக்கும் உயர்த்தப்போகிறது என்று கேள்விப்பட்டதும், முதல் ஆளாகப் போய் நின்றவள் மர்ளியா. எங்கள் வீட்டிலிருந்து தொடங்குங்கள் என்று நச்சரித்து எடுத்துவிட்டாள்.

பக்கத்து வீட்டில் ஜெய்னம்பு மாமி. தனி ஆள், கதை குறைவு. நோன்பு மாதத்தில், நோன்பு திறக்கிற பாங்குக்கு முன்னால், அவருடைய நீல விளிம்பு எனாமல் கிண்ணம் சுவரில் தட்டும். டிங்... டிங். பிறகு கை மேலால் வரும். மெலிந்த விரல்கள், ஒரு வெள்ளி மோதிரம். மர்ளியா கிண்ணத்தை வாங்கிக் கஞ்சி ஊற்றித் தூக்கிக் கொடுப்பாள். அடுத்த நாள் கழுவின கிண்ணம் திரும்பி வரும். அண்டை வீட்டிலிருந்து நீட்டின பாத்திரத்தை வெறுமையாகத் திருப்புகிற பழக்கம் இங்கே எவருக்கும் கிடையாது. யார் என்றும் கேட்க மாட்டார்கள். கை தன்பாட்டில் நீளும்.

அந்த வருஷம் நோன்பிலேயே சபையின் வேலை தொடங்கியது. கடைசி வீட்டு றம்லா ஒரு நாள் மர்ளியாவிடம், மாமியை வெளியில் காணவில்லையே என்றாள்.

"இரிக்கா," என்றாள் மர்ளியா. "நேத்தும் கிண்ணம் வந்திச்சே."

அடுத்த நாளும் றம்லா கேட்டாள். மர்ளியா அதையேதான் சொன்னாள். பொய் இல்லை... கிண்ணம் வந்துகொண்டுதான் இருந்தது. கொஞ்சம் சில்லென்று இருந்தது, அவ்வளவுதான். சுவருக்கு மேலால் கற்பூர வாசமும் வந்தது. மாமி நெஞ்சுச் சளிக்குத் தடவியிருப்பார் என்று நினைத்தாள். வேலைக் களைப்பில் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை.

மர்ளியா வேலைக்குப் போகாத ஒரு பகல். மேசன் நளீம் கூரையில் ஏறி ஜெய்னம்பு மாமியின் வீட்டுச் சீட்டைக் கழற்றினான். உள்ளே வெயில் விழுந்தது. கீழே பார்த்தான். கூரை வளையில் அப்படியே குந்தி, இந்தப் பக்கம் நின்ற மர்ளியாவிடம் திரும்பி, "ராத்தா, மாமி மௌத்து," என்றான்.

கதவு உள்ளால் பூட்டியிருந்தது. மையத்து வாசலோரம் பாயில் கிடந்தது. உயிர் போய் நாலு நாளாவது இருக்கும் என்று டொக்டர் சொன்னார். கிண்ணம் மட்டும் சுவரோரம், கழுவி, கவிழ்த்து வைத்தபடி. சிந்தின கஞ்சி ஒரு துளி இல்லை. ஓர் எறும்பு இல்லை.

நேற்றுக் கஞ்சி வாங்கினது யார்?

நோன்பு மாதத்தில் ஷைத்தான்களைக் கட்டிப் போட்டிருக்கும் என்றுதானே நாமெல்லாம் படித்தோம். அப்படியென்றால் அது ஷைத்தானும் இல்லை.

மர்ளியாவுக்கு அழுகை வரவில்லை. பயமும் வரவில்லை. நாள் முழுக்க உப்புத் தண்ணீரில் கிடந்த கை மாதிரி உள்ளே எல்லாம் மரத்துப்போயிருந்தது. மையத்தைக் குளிப்பாட்டிக் கற்பூரம் தடவினவர்களோடு நின்றாள். மோதிரத்தைக் கழற்றினதும் அவள்தான். விரலில் வெள்ளையாக ஒரு தழும்பு. கிண்ணத்தையும் பாய் தலையணையையும் பள்ளிவாசலுக்குக் கொடுத்தார்கள். கிண்ணம் வந்தது என்று நான் சொல்லாமல் இருந்திருந்தால் றம்லா அன்றைக்கே கதவைத் தட்டியிருப்பாள்... இது மட்டும் அவளுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

வீடு காலியான கையோடு சுவர் எழும்பியது. கடைசி வரியில் ஒரு கல் மட்டும் மிச்சம். நோன்பு திறக்க முன்னால் முடித்துவிடலாம் என்று நளீம் பலகையில் நின்று சாந்து பூசினான். மர்ளியா கீழே கஞ்சியைத் துழாவிக்கொண்டிருந்தாள்.

டிங்... டிங்.

நளீமின் கை நின்றது. அந்தப் பக்கம் பூட்டின வீடு. கதவுத் திறப்பு அவன் சேர்ட்டுப் பையில். அந்த ஒரு கல் இடைவெளியில் நீல விளிம்புக் கிண்ணம் ஏறியது. அதைப் பிடித்த விரல்கள்... மோதிரம் இல்லை. மோதிரம் இருந்த இடத்தில் வெள்ளைத் தழும்பு.

நளீம் கீழே மர்ளியாவைப் பார்த்தான். அவள் நிஃப்லாவைப் பார்த்தாள். பிள்ளை முதுகைக் காட்டிக்கொண்டு பேரீச்சம்பழம் கழுவிக்கொண்டிருந்தாள். நல்ல இடமொன்று அடுத்த கிழமை பெண் பார்க்க வருகிறது.

"வைங்க பாஸ்," என்றாள் மர்ளியா. "கல்ல வைங்க."

கிண்ணம் கொஞ்ச நேரம் காத்து நின்றது. பிறகு மெல்ல இறங்கியது. நளீம் கல்லை வைத்தான். தண்ணீரில் நோன்பு திறந்தான், கஞ்சி வேண்டாம் என்றான், போனான். அவனுடைய மட்டப்பலகை இன்னமும் அந்த வீட்டில்தான் கிடக்கிறது. எடுக்க வரவே இல்லை.

நிஃப்லாவின் இடம் பொருந்தியது. கலியாணம் அந்த வீட்டில்தான் என்று முடிவானது. பெருநாளோடு பக்கத்து வீட்டுக்கு அஸ்ரியா என்று ஒரு பெண் குடிவந்தாள். நல்ல பிள்ளை. வந்த மூன்றாம் நாள் மர்ளியாவின் வாசலில் நின்றாள்.

"ராத்தா, மஃரிபுக்கு ஏன் சுவருல தட்டுறீங்க? ஏதும் வேணுமா?"

 அதே கேள்வியை அஸ்ரியாவிடம் கேட்கத்தான் மர்ளியாவும் இருந்தாள்.

அன்றைக்கு மஃரிபுக்கு இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் நின்று சுவரில் காதை வைத்தார்கள். டிங்... டிங். இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை. சுவருக்கு உள்ளே.

அஸ்ரியா மறுநாளே சாமான் கட்டினாள். மர்ளியா எங்கே போவாள்? வீட்டை விட்டால் சபை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடும். மகளின் கலியாணமும் போய்விடும்.

பெருநாளுக்குப் பிறகு ஆறு நோன்பு பிடிப்பார்களே, அதில் ஒரு நாள் அஃப்ராஸ் அங்கே போயிருந்தான். நிஃப்லா வெளியில் யாரோடோ போனில். மர்ளியா தன்னுடைய கிண்ணம் ஒன்றில் கஞ்சி ஊற்றினாள். ஆவி பறந்தது. அவனுக்குத்தான் என்று நினைத்து அவன் கையை நீட்டினான்.

அவள் அவனைக் கவனிக்கவே இல்லை. சுவரோரம் போனாள். கால்விரலில் எக்கி, தலைக்கு மேலே, பூசின சுவரில் முட்டும் வரைக்கும் கிண்ணத்தை உயர்த்தினாள். கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள்... பாங்கு சொல்லத் தொடங்கியது. கைகளை இறக்கினாள்.

வெறும் கைகள்.

அஃப்ராஸ் நிலத்தைப் பார்த்தான். அவளுக்குப் பின்னால் பார்த்தான். எழும்பிப் போய்ச் சுவரைத் தடவினான். காய்ந்த சுவர். ஒரு கீறல்கூட இல்லை. கற்பூரம் மணத்தது.

மர்ளியா உட்கார்ந்து, பேரீச்சம்பழம் ஒன்றைப் பிட்டு வாயில் வைத்தாள்.

"தேடாத மகன்," என்றாள். "நாளைக்கி வரும். மாமி கழுவித்தான் தருவா."