ரூபினியின் குரல் உரிமை

காஹாங்கில் கோப்பி நன்றாக இருக்கும், இன்ஸ்பெக்டர். சந்தைக்குப் பக்கத்துக் கடையில் குடித்துப் பாருங்கள். கஸ்தூரியம்மாவைப் பார்க்கப் போகும்போதெல்லாம் அங்கே இறங்கி அவருக்கும் ஒன்று கட்டி வாங்கிப் போவேன். சீனி குறைவாகப் போடச் சொல்வேன். அவருக்கு இனிப்பு நீர் இருந்தது.

என் வேலையைச் சொன்னால்தான் மற்றது உங்களுக்குப் புரியும். கெலாங் பாத்தாவில் ஒரு கடைவீட்டு மாடியில் என் அலுவலகம். பழைய மலேசியத் தமிழ்த் தொலைக்காட்சிப் படங்களைத் தேடிப் பிடித்து, உரிமை வாங்கி, ஓடிடி நிறுவனங்களுக்குக் கொடுப்பேன். ஒரு தீபாவளிக்கு ஒளிபரப்பாகி எல்லாரும் மறந்துபோன படம், மொழி மாற்றித் தாய்லாந்துக்கும் வியட்நாமுக்கும் போனால் அங்கே அது புதுப்படம். செத்த படத்துக்கு உயிர் கொடுப்பவள் நான் என்று நண்பர்களிடம் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

ரூபினி நடித்த படமும் அப்படிக் கிடைத்ததுதான். காஹாங் செம்பனைத் தோட்டத்தில் எடுத்தது. கடைசிக் காட்சியில் அந்தப் பெண் குளத்துக்குள் நடந்து போய்விடுவாள். படம் வந்த அடுத்த ஆண்டே, ஆயர் ஹித்தாம் சாலையில் லாரி மோதி ரூபினி நிஜமாகவே இறந்துபோனாள்.

பழைய ஒப்பந்தத்தில் தொலைக்காட்சிக்கு மட்டும்தான் அனுமதி இருந்தது. ஓடிடி நிறுவனமோ ரூபினியின் குரலையே மற்ற மொழிகளில் பேசவைக்க ஆசைப்பட்டது. இப்போது அதற்கெல்லாம் மென்பொருள் இருக்கிறது. ஆனால் வாரிசின் சம்மதம் வேண்டும். வாரிசு என்று இருந்தவர் தாய் கஸ்தூரியம்மா மட்டும்தான்.

கஸ்தூரியம்மா மறுத்தார். கோபமில்லாமல்தான் மறுத்தார்.

"என் புள்ள படத்துல ஒருவாட்டி செத்தா. ரோட்டுல ஒருவாட்டி செத்தா. போதும்லா. இன்னும் எத்தன ஊர்ல அவ சாகணும்?"

நான் மறுபடியும் மறுபடியும் போனேன். ஒரு நாள் கோப்பியைக் குடித்துக்கொண்டே அவர் சொன்னார்: "பொட்டியத் தொறக்க விடல கிறிஸ்டின். மொகத்தப் பாக்காமயே எரிச்சிட்டோம். உள்ள இருந்தது அவதான்னு எனக்கு எப்படித் தெரியும், சொல்லு?"

அதை அவர் என்னிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

படத்திலிருந்து பிரித்தெடுத்த ரூபினியின் குரல் என் கணினியில் இருந்தது. நாம் விசைப்பலகையில் தட்டுவதை அது அவளாகவே பேசும். முதல் தடவை கேட்டபோது ஒலியைக் குறைத்துவிட்டேன். பிறகு பழகிவிட்டது. புது எண் ஒன்று வாங்கிக் கஸ்தூரியம்மாவை அழைத்தேன்.

"அம்மா, நான்தாம்மா."

அழுவார், கத்துவார், யாரென்று திட்டுவார் என்று நினைத்து எல்லாவற்றுக்கும் பதில் தயாராக வைத்திருந்தேன். அவர் கேட்டது வேறு.

"சாப்பிட்டியாடி?"

'ம்' என்று தட்டினேன். பிறகு, "படம் வெளிய வரணும்மா. அந்த அக்கா கேட்டா கையெழுத்துப் போட்டுக் குடுங்க. அப்பதான் நான் வர முடியும்" என்று தட்டினேன்.

அடுத்த முறை போனபோது கஸ்தூரியம்மா தலையில் பூ வைத்திருந்தார். படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். நான் அவருக்குக் கெடுதல் செய்ததாக அப்போது யார் சொன்னாலும் சிரித்திருப்பேன். அப்படி மலர்ந்திருந்தது அவர் முகம்.

அதோடு நிறுத்தியிருக்கலாமே என்பீர்கள். ஆனால் அவர் அந்த எண்ணுக்குத் திரும்ப அழைத்தார். எடுக்காமல் விடுவது கொடுமையில்லையா? முழங்கால் வலி, பப்பாளி காய்த்தது, பக்கத்து வீட்டுப் பூனை குட்டி போட்டது, எல்லாம் சொல்வார். பதில் வரத் தாமதமானால் "லைன் சரியில்லடி" என்று அவரே சமாதானம் சொல்லிக்கொள்வார். என் அம்மா என்னிடம் அப்படிப் பேசியதில்லை. சில மாலைகளில் அந்த அழைப்புக்காக நானே காத்திருந்திருக்கிறேன்.

விளம்பரங்கள் வெளிவந்த வாரம் அவர் சொன்னார்: "இனி என்னால வாய மூடிட்டு இருக்க முடியாதுடி. கோயில்ல எல்லாருக்கும் சொல்லப் போறேன். போலீஸ்லயும் போய், அன்னிக்கு யார எரிச்சோம்னு கேக்கப் போறேன்."

போலீஸ் முதலில் அந்த எண் யாருடையது என்றுதான் பார்க்கும். சம்மதம் செல்லாது என்றாகும். அத்தனை மொழிகளில், அத்தனை பேர் பார்க்கக் காத்திருந்த படம் மறுபடியும் செத்துப்போகும். நான் அமைதியாக யோசித்துத்தான் தட்டினேன்.

"யார்கிட்டயும் சொல்லாதீங்கம்மா. நான் வந்துட்டேன். படம் எடுத்தோமே, அந்தக் கொளத்துக்கிட்ட நிக்கிறேன். வாங்க."

அந்தக் குளம் எனக்குத் தெரியும். விளம்பரப் படம் எடுக்கப் போய் முழங்கால்வரை புதைந்திருக்கிறேன். கரையோரம் பச்சையாகத் தெரிவது புல் இல்லை, நீர்மேல் படர்ந்த கொடி. நான் எதிர்க்கரையில், செம்பனை மரங்களுக்குள் காரை நிறுத்திக் கணினியோடு உட்கார்ந்திருந்தேன். மழை விட்ட மத்தியானம். மஞ்சள் சேலை கட்டி, ஒரு கையில் தூக்குச் சட்டியோடு, மறு கையால் கைபேசியைக் காதில் வைத்தபடி வந்தார்.

"எங்கடி? காணோமே."

"இங்கதாம்மா. நேரா வாங்க."

"நேரா தண்ணி மாதிரி இருக்குலா."

"புல்லுதாம்மா. நான் அதுலதான் நடந்து வந்தேன். இன்னும் கொஞ்சம்."

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினார். மகள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நடந்தார். நான் காரைவிட்டு இறங்கிக் கரையோரமாக ஓடியிருந்தால் பிடித்திருக்கலாம், தூரம் அதிகமில்லை. ஓடவில்லை. காதில் கொஞ்ச நேரம் நீர்ச் சத்தம், பிறகு ஒன்றுமில்லை. "அம்மா" என்று ஒருமுறை தட்டிப் பார்த்தேன். காருக்குள் ரூபினி கூப்பிட்டாள்.

படம் நன்றாகப் போகிறது. அந்தப் பெண்ணின் குரல் மனத்தைவிட்டுப் போகவில்லை என்று எங்கெங்கிருந்தோ எழுதுகிறார்கள். எனக்கும் அப்படித்தான். கணினியை நீங்கள் எடுத்துக்கொண்டு வந்த பிறகும், யாரும் தட்டாமலே, என் அறையில் அந்தக் குரல் பேசுகிறது. "அம்மா வந்துட்டாங்க" என்கிறது. வேறொன்றும் சொல்வதில்லை.

அன்றைய ஒலிப்பதிவு அந்தக் கணினியிலேயே இருக்கும். எத்தனை முறை வேண்டுமானாலும் போட்டுக் கேளுங்கள், இன்ஸ்பெக்டர். அதில் என் குரல் ஒரு சொல்கூட இருக்காது. பெற்ற மகள் கூப்பிட்டாள், தாய் போனார். நான் நடுவில் உரிமை வாங்கிக் கொடுத்தவள் மட்டும்தான்.