மாதம் ஒரு கரை

— இதுக்குப் பேர் கடற்கரையோ தம்பி? ஒண்டும் தெரியேல்லை. வெள்ளைச் சீலையைக் காயப்போட்டிட்டுப் படம் எடுத்தமாதிரி...

— அதுதான் அன்ரி அங்கத்தைய பனிப்புகார். மத்தியானம் மட்டும் கலையாது. சில நாளிலை பின்னேரம் வரைக்கும் நிக்கும்.

— ஆடி மாசத்திலையுமோ?

— ஆடியிலைதான் கூட. உள்ளுக்கை போனால் வெய்யில் எரிக்கும். கரையிலை மட்டும் சுவெற்றர் போட்டுக்கொண்டு நிப்பம்.

— இதிலை நிக்கிறது டிலோனோ?

— ஓம்... ஓம் அன்ரி. அது வைகாசியிலை எடுத்தது.

— முதுகுதான் தெரியுது. பெத்தவளுக்கு முதுகைக் காட்டவோ அவ்வளவு தூரம் போனவன்?

— கமெராவைக் கண்டால் திரும்பியிடுவான் அன்ரி. கூச்சம்.

— டிலோனுக்குக் கூச்சமோ! அந்தச் சுவரிலை அவன்ரை முதல்நன்மைப் படத்தைப் பாரும். சுவாமியாரை இடிச்சுத் தள்ளிப்போட்டு நடுவிலை நிக்கிறான்... பிளேன்ரீ ஆறுது, குடியும். வெளியாலை கதிரையைப் போட்டுக் கரையைப் பாத்துக்கொண்டு இருப்பமே?

— வேண்டாம் அன்ரி. உள்ளுக்கை இருப்பம்.

— வள்ளம் வாற நேரம். பன்ரண்டு வருசத்துக்குப் பிறகு அல்லைப்பிட்டிக்கு வந்திருக்கிறீர்...

— வேண்டாம்... வெக்கையாக் கிடக்கு.

— வெக்கையோ? மழை இப்பதான் விட்டது. சரி, விடும். உங்கடை சுருவில் ஊர்த் தோட்டக்காரருக்குக் கடல் எண்டால் பஸ்சிலை போகேக்கை யன்னலாலை பாக்கிற சாமான்தானே.

— அது உண்மைதான். டிலோனும் அதைத்தான் சொல்லிப் பகிடி பண்ணுவான்.

— பண்ணுவான், பண்ணுவான்... சுஜிதன், பேனை வைச்சிருக்கிறீரோ?

— இருக்கு. என்னத்துக்கு?

— நாளையிண்டைக்கு ஆத்துமாக்கள் திருநாள். வீட்டிலை செத்தவையின்ரை பேரைக் கோயிலிலை எழுதிக் குடுத்தால் பூசையிலை வாசிப்பினம். பின்னேரம் கோயில் பூட்ட முதல் குடுக்கவேணும். என்ரை கண்ணாடியைக் காணேல்லை. நீர் எழுதித் தாரும்.

— சொல்லுங்கோ அன்ரி.

— மேலை, குடுக்கிற ஆளின்ரை பேர். ஞானசவுந்தரி, அல்லைப்பிட்டி. கீழை ஒண்டு, அந்தோனியாப்பிள்ளை. அது என்ரை ஐயா. ரெண்டு, றோசம்மா. அம்மா.

— ஓம்.

— மூண்டு, பிலிப்பு.

— அங்கிள்...

— மூண்டு வருசமாப்போச்சு. சேமக்காலையிலை மண் போடேக்கை ஊரே கேட்டுது, ஒரே பெடியன், ஏன் வரேல்லை எண்டு. விசாப் பிரச்சினை எண்டு சொன்னனான். நீர் எழுதினபடியே சொன்னனான்.

— நான் இல்லை அன்ரி. அவன் எழுதினது.

— ஓம்... அவன் எழுதினது. இந்தப் படத்தைப் பாரும். கறுப்புக் கல்லாக் கிடக்கே, இது எந்த இடம்?

— அது வடக்காலை. மணல் இல்லை, முழுக்கக் கல்லுத்தான். அலை இழுக்கேக்கை கல்லெல்லாம் உருண்டு, பல்லைக் கடிக்கிற மாதிரிச் சத்தம் கேக்கும். கடல்நாயள் வந்து படுத்திருக்கும். சனம் நாய்க்கும் சட்டை போட்டுக் கூட்டிக்கொண்டு வரும்.

— குளிக்கிறேல்லையோ ஒருத்தரும்?

— றப்பர்ச் சட்டை போட்டவை மட்டும். மற்றவை நிண்டு பாத்திட்டுப் போவினம். தண்ணி ஐஸ் அன்ரி. பலகையிலை பெரிசா எழுதிக் கிடக்கு, அலைக்கு முதுகு காட்டாதேங்கோ எண்டு. திடீரெண்டு பெரிய அலை வந்து ஆளை இழுத்துக்கொண்டு போயிடும்.

— அதுக்கு ஒரு பலகையோ? எங்கடையிலை நடக்கப் பழகிற குஞ்சுக்கும் தெரியும்... நீர் ஒரு படத்திலையும் இல்லையே?

— நான்தானே எடுக்கிறது.

— அப்பிடியெண்டால் நீரும் மாசாமாசம் அவனோடை கரைக்குப் போறனீர்.

— போறதுதான்... அன்ரி, அதைச் சொல்லத்தான் வந்தனான். எனக்குக் கலியாணம் சரிவந்திருக்கு. தையிலை. அதுக்குப் பிறகு நான் அந்த ஊரிலை இருக்கமாட்டன். உள்ளுக்கை, சரியான தூரம். கடலே இல்லை.

— நல்ல விசயம். சந்தோசம்.

— இனிப் படம் வாறது... குறையும். டிலோனுக்கும் வேலை கூட. நீங்கள் யோசிக்கக்கூடாது எண்டு நேரிலை சொல்லிப்போட்டுப் போவம் எண்டுதான்...

— குறையுமோ, நிக்குமோ?

— ...நிக்கும் எண்டு நினைக்கிறன்.

— பெரிய மனம் தம்பி உமக்கு. இதைச் சொல்லப் பிளேன் ஏறி வந்திருக்கிறீர். சரி, ஒரு விசயம் கேக்கவேணும். எல்லாப் படத்திலையும் இவன் சப்பாத்தோடை நிக்கிறான். நனைஞ்ச மணலிலை, தண்ணி காலுக்கை வருது, சப்பாத்தோடை.

— குளிர் அன்ரி. வெறுங்கால் விறைச்சுப்போகும்.

— ஓம். குளிராத்தான் இருக்கும். இஞ்சை எங்கடை பெடியள் செருப்பைக் கரையிலை விட்டிட்டு, தண்ணியைத் தொட்டுச் சிலுவை போட்டுத்தான் காலை வைக்கிறது. டிலோன் நாலு வயசிலை ஒருக்கா மறந்துபோய், செருப்போடை ஓடினவன். தகப்பன் போட்டார் ஒரு அடி, பூவரசந் தடியாலை. பேந்து ஒருநாளும் மறக்கேல்லை.

— அங்கை போய் மாறியிருப்பான்...

— மாறியிருப்பான். குளிருக்கு எல்லாம் மாறும்... எழுதும். நாலாவது பேர்.

— சொல்லுங்கோ.

— பிலிப்பு டிலோன். எழுதும் தம்பி. பேனை எழுதேல்லையோ?

— அன்ரி...

— கோயில் பூட்டப்போகினம்.

— எப்ப... எப்ப தெரியும் உங்களுக்கு?

— முதல் படத்திலை. நீர் முதுகைக் காட்டினால் முகம் தெரியாது எண்டு நினைச்சீர். நான் முகத்தைத் தேடேல்லை, காலைப் பாத்தனான்.

— நீங்கள் ஒருநாளும்... போன் எடுக்கச் சொல்லு, குரலைக் கேக்கவேணும் எண்டு ஒருநாளும் கேக்கேல்லை. என்ன பொய் சொல்லிறது எண்டு யோசிச்சு வைச்சிருந்தனான். நீங்கள் கேக்கவேயில்லை. எனக்கு அது பெரிய ஆறுதலாயிருந்தது.

— கேட்டிருந்தால் ஆரின்ரை குரலைத் தந்திருப்பீர்? என்ரை மனிசனுக்காக வாயை மூடிக்கொண்டிருந்தனான். அவர்தானே டிலோன்ரை கையைப் பிடிச்சுக் கொண்டுபோய், நீங்கள் ரெண்டு பேரும் வெளிநாடு போன அந்தப் படகிலை ஏத்திவிட்டவர். தெரிஞ்சிருந்தால் அண்டைக்கே கயிறு எடுத்திருப்பார். அவர் கடல்தொழிலுக்குப் போய் வந்த உடனை, "உங்கடை மகன் இப்பதான் போனிலை கதைச்சு வைச்சவன், கொஞ்சம் பிந்திட்டியள்" எண்டு சொல்லுவன். ஒன்பது வருசம் பிந்திக்கொண்டே இருந்த மனிசன். படம் வந்தால் நான்தான் போனைப் பிடிச்சுக் காட்டுவன். காலை விரலாலை மறைச்சுக்கொண்டு.

— அன்ரி, படகு பிளந்திட்டுது. கப்பல் வந்து எங்களைத் தூக்க ரெண்டு நாள். காகிதம் இல்லாமப் போனவை எல்லாரும், ஆர் செத்தது எண்டு கேக்க ஒருத்தரும் இல்லை... பிடிச்சு மிதக்க ஒரு வெறும் பிளாஸ்ரிக் கான்தான் இருந்தது. அவன் எனக்குத் தந்தவன். தனக்கு நீந்தத் தெரியும் எண்டு...

— தந்தவனோ?

— ஓம். தந்தவன்.

— நீந்தத் தெரிஞ்ச அவன் இல்லாமப் போனான். தெரியாத நீ இருக்கிறாய், எனக்கு முன்னாலை, என்ரை தேத்தண்ணியைக் குடிச்சுக்கொண்டு. அதுதான் கேக்கிறன். தந்தவனோ?

— தந்தவன் அன்ரி... முதல் நாள் தந்தவன். ரெண்டாம் நாள் களைச்சுப்போய்த் திரும்பி வந்து பிடிச்சவன். கான் தாழ்ந்தது. ரெண்டு பேரைத் தாங்காது... நான் அவன்ரை விரலைக் கழட்டிவிட்டனான். ஏசுங்கோ அன்ரி.

— எழுதி முடி. டிலோன். வயசு இருபத்திரண்டு எண்டு போடு.

— எழுதிட்டன்... ஒண்டு மட்டும் சொல்லுங்கோ. கடல் பக்கம் போகவே எனக்கு ஏலாது. அவன்ரை பேரிலை படம் அனுப்ப ஒவ்வொரு கரைக்கும் போறதுக்கு முதல் நாள் நித்திரை இல்லை. ஆரோ தெரியாத ஆளைப் பிடிச்சு, போனைக் குடுத்து, படம் எடுத்துத் தா எண்டு கெஞ்சி... அங்கிள் செத்தாப்பிறகு மறைக்க ஆள் இல்லையே. பிறகும் ஏன், "வேறை கரை காட்டு, இன்னொரு கரை காட்டு" எண்டு மாசாமாசம் எழுதினனீங்கள்? ஆருக்காக?

— உனக்காகத்தான். மாசத்துக்கொருக்கா எண்டாலும் நீ அந்தத் தண்ணிக்கு முன்னாலை போய் நிக்கவேணும் எண்டு. கடுதாசியைத் தா... கலியாணத்தைக் கட்டு, கடல் இல்லாத ஊரிலை இரு, நான் மறிக்கேல்லை. ஆனால் மாசக் கடைசியிலை எனக்குப் படம் வரவேணும். சப்பாத்தைக் கழட்டிப்போட்டு நில். கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நில். இனி நான் உன்ரை முகத்தைப் பாக்கவேணும்.